லண்டனில் தகனம்: அப்பாவின் இறுதிக் கிரியையை அவர் விரும்பிய விதத்தில் ஒழுங்கு செய்தல்

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டு விடைக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற உங்கள் தந்தையார், எண்பது வயதைக் கடந்த நிலையில், இப்போது லண்டனில் உங்களோடு இருக்கிறார். தம்மை எரிக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் அண்மையில் ஒரு செத்தவீட்டுக்குப் போய்வந்தவர், பெட்டி உள்ளே வந்து அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துபோனதைக் கண்டு, “என்னை இப்படி அவசரப்பட்டு அனுப்பிப் போடாதேங்கோ” என்று சொல்லியிருக்கிறார். தேவாரம் பாட வேண்டும், பழைய மாணவர் இரண்டொருவர் பேச வேண்டும், வீண் ஆடம்பரம் வேண்டாம் என்பது அவர் விருப்பம். பிள்ளைகள் நீங்கள் இருவரும் பெண்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் அரைகுறை. இதை எப்படி ஒழுங்கு செய்வது என்று கேட்கிறீர்கள்.

அவர் கண்ட குறை உண்மையானதே. அதற்குக் காரணம் நேர ஒதுக்கீடு. இங்கிலாந்தின் தகனசாலைகள் ஒரு குடும்பத்துக்குப் பொதுவாக 30 முதல் 60 நிமிடங்களையே ஒதுக்குகின்றன. ஊர்தியிலிருந்து பெட்டியை இறக்கி உள்ளே கொண்டுவருவதும், இருநூறு பேர் வந்து அமர்வதும், கடைசியில் எல்லோரும் மறுவாசலால் வெளியேறுவதும் அந்த நேரத்துக்குள் அடக்கம். முன்வாசலில் அடுத்த குடும்பம் காத்து நிற்கும். ஊரில் வீட்டு முற்றத்தில் அரை நாள் எடுத்துச் செய்யும் கிரியையை இந்த இடைவெளிக்குள் திணிக்கப் பார்ப்பதால் குருக்களும் அவசரப்படுகிறார், பேச வந்தவரும் பாதியில் நிறுத்தப்படுகிறார். ஆகவே தகனசாலையை விடைகொடுக்கும் இடமாக மட்டும் வைத்துக்கொண்டு, கிரியைக்கும் நினைவுரைகளுக்கும் வேறு இடத்தையும் வேறு நேரத்தையும் தேடுங்கள் என்பதே என் முதன்மையான ஆலோசனை. தகனத்துக்குத்தான் பத்திரங்களும் உரிய கட்டடமும் வேண்டும். சடங்கை எங்கே, யார், எவ்வளவு நேரம் நடத்த வேண்டும் என்று இந்த நாட்டுச் சட்டம் எதையும் விதிக்கவில்லை.

அவர் தெளிவோடு இருக்கும்போதே இதைப் பேச முடிவது நல்லது. பேசியதை எழுதியும் வையுங்கள். எழுதிய பின்னும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும், இறுதிச் சடங்கு பற்றி ஒருவர் எழுதிவைத்த விருப்பம் பின்னால் இருப்பவர்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. இதை நிலைநாட்டிய 1882ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் எதிர் வில்லியம்ஸ் வழக்கே தகனத்தைப் பற்றியதுதான். ஹென்றி குரூக்கெண்டன் என்பவர், தம் உடலை எரிக்கும் பொறுப்பை எலிசா வில்லியம்ஸ் என்ற தோழியிடம் ஒப்படைத்து எழுதிவைத்திருந்தார். குடும்பத்தார் அவரைப் புதைத்துவிட்டார்கள். அந்தப் பெண்மணி பின்னர் உடலைத் தோண்டி எடுப்பித்து, இத்தாலிக்குக் கொண்டுசென்று எரித்துவிட்டு, செலவைத் தரும்படி வழக்குத் தொடுத்துத் தோற்றார். இறந்தவரின் உடல் யாருக்கும் சொத்து அல்ல, அதை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை உயிலை நிறைவேற்றுபவருக்கு உரியது என்று நீதிமன்றம் சொன்னது. இன்றும் அதுவே அடிப்படை.

எனவே உங்கள் தந்தையார் உயில் எழுதி, உங்களில் ஒருவரையோ இருவரையுமோ அதை நிறைவேற்றுபவராகக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அதுதான், பின்னாளில் ஊரிலிருந்து தொலைபேசியில் கட்டளையிடும் உறவினர்களுக்கு எதிரே உங்களுக்குள்ள பலம். சடங்கு பற்றிய குறிப்பைத் தனித்தாளில் எழுதி, கையெழுத்திட்டு, பிரதிகளை உங்கள் இருவரிடமும் குருக்களிடமும் கொடுத்துவிடட்டும். உயிலோடு சேர்த்துப் பூட்டி வைக்க வேண்டாம்; பல வீடுகளில் உயிலை எடுத்துப் பார்ப்பது எல்லாம் முடிந்த பிறகுதான்.

நாள் குறிப்பதைப் பற்றி அவருக்கும் உறவினர்களுக்கும் இப்போதே விளக்கிச் சொல்லுங்கள். ஊரில் மறுநாளே எரித்துவிடுவோம். இங்கே இரண்டு, மூன்று வாரம் செல்வது சாதாரணம். 2024 செப்டம்பர் 9 முதல், மரண விசாரணை அதிகாரியிடம் போகாத ஒவ்வொரு மரணத்தையும் மருத்துவப் பரிசோதகர் ஒருவர் தனியே ஆராய்ந்த பிறகே மருத்துவரின் சான்றிதழ் பதிவாளருக்குச் செல்கிறது. அங்கிருந்து ஐந்து நாட்களுக்குள் மரணத்தைப் பதிய வேண்டும். பதிவாளர் தரும், பச்சைப் படிவம் என்று வழங்கும் பத்திரம் வந்தால்தான் தகனம் நடக்கும். தகனத்துக்கென்று மருத்துவர் தனியாக நிரப்பி 82 பவுண் கட்டணம் பெற்றுவந்த படிவம் அந்த நாளோடு நீக்கப்பட்டுவிட்டது. மரணம் திடீரென நேர்ந்தாலோ காரணம் தெளிவற்றிருந்தாலோ விசாரணை அதிகாரி தலையிடுவார். அப்போது நாள் உங்கள் கையில் இல்லை. இது உறுதியாகும் முன்பே மரண அறிவித்தலில் தேதியைப் போட்டுவிட்டு, கனடாவிலிருந்து வருபவர்களுக்கு விமானச் சீட்டை மாற்றச் சொல்லும் சங்கடத்தைத் தவிருங்கள்.

தகனத்துக்கான விண்ணப்பப் படிவத்தில் உங்களில் ஒருவர் கையெழுத்திட வேண்டியிருக்கும். உடலுக்குள் இதய முடுக்கி போன்ற மின்கலக் கருவி உண்டா என்று அதில் கேட்பார்கள். அவருக்குப் பேஸ்மேக்கர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். சூளையின் வெப்பத்தில் அந்த மின்கலம் வெடிக்கும். முன்கூட்டியே சொன்னால் உடலைப் பொறுப்பேற்கும் நிறுவனத்தார் அதை அகற்ற ஏற்பாடு செய்வார்கள்.

இனி இடம். நம்முடைய கோயில்களுக்குள் பூதவுடலைக் கொண்டுபோக முடியாது என்பதால் கோயில் மண்டபத்தை எண்ண வேண்டாம். மீதமுள்ளவை மூன்று: இறுதிச்சடங்கு நிறுவனத்தின் சொந்த மண்டபம், வாடகைக்குக் கிடைக்கும் சமூக மண்டபம், உங்கள் வீடு. தமிழரும் குஜராத்தியரும் நெருங்கி வாழும் பகுதிகளில் உள்ள நிறுவனங்கள் சில, இந்துக் கிரியை செய்வதற்கென்றே அறை வைத்திருக்கின்றன. நீராட்டுவதற்கு வசதியும் அங்கே இருக்கும். சமூக மண்டபத்தில் இடம் தாராளமாக இருக்கும். ஆனால் உடலைக் கொண்டுவர அனுமதி உண்டா, நெருப்பு ஏற்றலாமா, புகை எச்சரிக்கை மணியைத் தற்காலிகமாக நிறுத்துவார்களா என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் முழுக் கிரியையும் செய்வது லண்டன் வீடுகளின் அகலத்துக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. பெட்டி திரும்ப முடியாத நடைவழிகள் எத்தனையோ உண்டு. ஆயினும், தகனசாலைக்குப் போகும் வழியில் ஊர்தியை வீட்டு வாசலில் பத்து நிமிடம் நிறுத்தி, அவர் தினமும் நடந்த வாசலில் ஒரு விளக்கேற்றி அனுப்புவது எந்த வீட்டுக்கும் இயலும். செலவில்லாத இந்த ஏற்பாட்டை நான் எல்லோருக்கும் சொல்வேன்.

மண்டபத்தைக் குறைந்தது மூன்று மணி நேரத்துக்கு எடுங்கள். நீராட்டை முதல் நாள் மாலையிலோ அன்று அதிகாலையிலோ நிறுவனத்தில் வைத்து, மருமக்களும் பெறாமக்களும் நெருங்கிய நண்பர்களும் சேர்ந்து செய்துவிடலாம். எண்ணெயும் அரப்பும் வைத்து, அவருடைய வேட்டியையே உடுத்தி, திருநீறு பூசி விடலாம். இதை நிறுவனத்தாரிடம் முழுவதுமாக விட்டுவிடுபவர்களே அதிகம். நம் கையால் செய்யக்கூடியது இதுதான் என்பதால், மனத்திடம் உள்ள நாலு பேரை இப்போதே கேட்டு வையுங்கள்.

மண்டபத்தில் முதலில் பேச்சுகளை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கிரியை. வழமையில் இது மாறியே நடக்கும். வாய்க்கரிசி போட்ட பிறகு சபை கலங்கிப்போயிருக்கும். அப்போது ஒலிவாங்கியைப் பிடித்து அவருடைய கேத்திரகணித வகுப்பைப் பற்றிப் பேச எவராலும் முடியாது, கேட்கவும் யாராலும் முடியாது. மாணவர் இருவர், குடும்பத்தில் ஒருவர், மொத்தம் மூவர் போதும். தட்டச்சில் ஒரு பக்கம் என்பது நிதானமாக வாசித்தால் ஏறக்குறைய நான்கு நிமிடம். ஒருவருக்கு ஒன்றரைப் பக்கம் என்று சொல்லி, எழுதி வாசிக்கும்படி கேளுங்கள். சங்கத் தலைவர்களும் ஊர்ப் பிரமுகர்களும் “இரண்டு வார்த்தை” கேட்டு வருவார்கள். பேச்சாளர் பெயர்களைத் தந்தையாரே எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருந்தால், மறுக்கும் பழி உங்கள் மேல் விழாது.

அடுத்து கிரியை. கும்பம் வைத்து, சுண்ணம் இடித்து, திருப்பொற்சுண்ணம் பாடி, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து, வாய்க்கரிசி இட்டு முடிக்கும் முறையைச் சைவக் குருக்கள் நன்கு அறிவார். அவரிடம் நீங்கள் தெளிவாகச் சொல்ல வேண்டியவை இரண்டு: கிரியைக்கு எவ்வளவு நேரம், பாடல்களை யார் பாடுவது. தந்தையாருக்குப் பிடித்த பதிகங்களை இப்போதே கேட்டு, உங்கள் உறவில் பண்ணோடு பாடக்கூடியவரைக் கொண்டு பாடுவித்தால், அது வாடகைக்கு வந்த ஓதுவார் பாடுவதைவிட அவருக்குரியதாக இருக்கும். பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒழுங்கை எழுதிக் கொடுங்கள்: இப்போது சுண்ணம் இடிக்கிறோம், இப்போது நீ பந்தத்தைப் பிடித்துத் தாத்தாவைச் சுற்றி வருவாய் என்று. செய்யப்போவது தெரிந்த பிள்ளை பயப்படாது. அங்கு வரும் ஆங்கிலேய அயலவர்களுக்கும் அதே தாள் உதவும். பறையும் சங்கும் வேண்டுமென்றால் மண்டப வாசலில் வையுங்கள். தகனசாலை வளாகத்தில் அருகிலேயே வேறொரு குடும்பத்தின் அஞ்சலி நடந்துகொண்டிருக்கும்.

கொள்ளி வைப்பது யார் என்ற கேள்வியை நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் வரிகளுக்கு இடையில் அது இருக்கிறது. தந்தைக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன் என்பது நம் வழக்கம். ஆண்பிள்ளை இல்லாத இடத்தில் மருமகனையோ பெறாமகனையோ முன்னே தள்ளுவார்கள். மகள் செய்வதற்கு இந்த நாட்டில் சட்டத் தடை ஏதுமில்லை. ஊரில் மயானத்துக்கே போகாத பெண்கள் இங்கே எல்லோருமே தகனசாலைக்கு வருகிறார்கள், மகள்மாரே கொள்ளி வைத்த செத்தவீடுகளும் இங்கே பல நடந்துவிட்டன. எல்லாக் குருமாரும் இதற்கு இசைய மாட்டார்கள். ஆகவே இசைபவரைத் தந்தையார் இருக்கும்போதே தேடிப்பிடித்து, அவர் முன்னிலையில் பேசி முடியுங்கள். அவரே தம் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் “என்ர பிள்ளையள்தான் செய்வினம்” என்று ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லிவிட்டால், செத்தவீட்டன்று அந்த வாக்குவாதம் எழாது. ஒரு சிறிய நடைமுறைக் குறிப்பும் உண்டு. கொள்ளிக்குடத்தைத் தோளில் சுமந்து மூன்று முறை சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தியால் கொத்திய துளை வழியே நீர் ஒழுகும். கம்பளம் விரித்த மண்டபத்தில் பெரிய நெகிழித் தாளை விரித்து, சிறிய குடமாக எடுங்கள். முதுகுவலி உள்ள மகளுக்குப் பெரிய குடம் வீண் வதை.

இவ்வளவும் மண்டபத்தில் முடிந்துவிட்டால், தகனசாலையின் 40 நிமிடம் போதுமானதாகிவிடும். சிவபுராணம் ஒலிக்கப் பெட்டி உள்ளே வர ஐந்தாறு நிமிடம்; இரண்டு தேவாரத்துக்கு எட்டு நிமிடம்; பேரப்பிள்ளை ஒருவர் ஆங்கிலத்தில் பேச ஐந்து நிமிடம்; எல்லோரும் பூப்போட்டு வணங்கப் பதினைந்து நிமிடம்; மீதி வெளியேறுவதற்கு. கூட்டம் நூற்றைம்பதைத் தாண்டும் என்று தோன்றினால், பூப்போடுவதை மண்டபத்திலேயே முடித்துவிடுங்கள், அல்லது அடுத்தடுத்த இரு நேர ஒதுக்கீடுகளைச் சேர்த்து எடுங்கள். நேரம் மீறினால் மேலதிகக் கட்டணம் வாங்கும் தகனசாலைகள் பல. பெட்டியைத் திரை மூடி மறைக்க வேண்டுமா, மறைக்காமலே எல்லோரும் வெளியேற வேண்டுமா என்பதும் உங்கள் தெரிவே. கேட்காவிட்டால் அவர்கள் வழக்கப்படி மூடிவிடுவார்கள்.

திரைக்குப் பின்னால் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொள்ளி வைப்பதன் இன்றைய வடிவம் அங்கேதான் இருக்கிறது. உள்ளறையில் பணியாளர் பெட்டியின் பெயர்த் தகட்டைத் தம் கையிலுள்ள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அந்த அட்டை சாம்பல் கையளிக்கப்படும் வரை உடலோடு கூடவே செல்லும். சூளைக்கு ஒரு நேரத்தில் ஒரே உடல்தான். உட்புறம் ஏற்கெனவே 800 பாகை செல்சியஸ் அளவில் சூடேறியிருப்பதால் கதவு திறந்ததும் அனல் முகத்தில் அடிக்கும். பெட்டி உருளைகளின் மேல் சில நொடிகளில் உள்ளே போய்விடும். குடும்பத்தார் சிலர் அங்கே நின்று பார்க்கவும், கதவை இயக்கும் பொத்தானை அழுத்தவும் பல தகனசாலைகள் இடமளிக்கின்றன. எத்தனை பேர் என்பது இடத்துக்கு இடம் மாறும், சில இடங்களில் அறை அமைப்பே அதற்கு ஒத்துவராது. ஆகவே தகனசாலையைத் தெரிவு செய்யும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். வாகனத் தரிப்பிடம் எல்லாம் அதற்குப் பிறகு. நீங்கள் இருவரும் சேர்ந்தே பொத்தானை அழுத்தலாம். சிறு பிள்ளைகளை அந்த அறைக்குள் அழைத்துச் செல்ல நான் சொல்ல மாட்டேன்.

விறகில் எரிக்க முடியாதா என்று தந்தையார் கேட்கக்கூடும். முதலாம் உலகப் போரின்போது பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கியப் போர்வீரர்கள் 53 பேர் பாட்சம் மேட்டில் திறந்தவெளியில் எரிக்கப்பட்டார்கள். அந்த இடத்தில் 1921இல் திறக்கப்பட்ட வெண்சலவைக்கல் நினைவு மண்டபம் இன்றும் இருக்கிறது. தேவேந்தர் காய் என்பவர் நியூகாசில் மாநகர சபைக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், கட்டடம் என்று சொல்லத்தக்க அமைப்பினுள் சிதை மூட்டுவது சட்டத்துக்கு முரணாகாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. உங்கள் திட்டத்தை அந்தத் தீர்ப்பை நம்பி அமைக்க முடியாது. அவருக்குச் சொல்வதற்கு இது போதும்.

பெட்டியைப் பற்றி: உலோகப் பெட்டியைத் தகனசாலைகள் ஏற்பதில்லை. பளபளக்கும் விலையுயர்ந்த மரப்பெட்டியும் ஒன்றரை மணி நேரத்தில் சாம்பலாகப் போவதுதான். ஆடம்பரம் வேண்டாம் என்று சொன்னவருக்குச் சாதாரண மரப்பெட்டியோ, பிரம்புப் பெட்டியோ, கனமான அட்டைப் பெட்டியோ பொருத்தமாக இருக்கும். மெருகிடாத பெட்டியின் மேல் மாணவர்கள் பென்சிலால் ஆளுக்கொரு வரி எழுதலாம்; கணித வாத்தியாருக்கு யாராவது ஒரு தேற்றத்தையே எழுதக்கூடும். சில மூத்தவர்களுக்கு இது விளையாட்டுத்தனமாகப் படும் என்பதால், அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். உடுப்பு பருத்தி அல்லது பட்டு. செயற்கை நூலும் இறப்பர் அடியுள்ள சப்பாத்தும் வேண்டாம். மூக்குக்கண்ணாடி, கைபேசி, கைக்கடிகாரம், போத்தல் எதையும் உள்ளே வைக்க வேண்டாம். மோதிரத்தைப் பெட்டி மூடும் முன் கழற்றிவிடுங்கள், எரிந்த பின் அது திரும்ப வராது. நெய்யும் கற்பூரமும் எவ்வளவு வைக்கலாம் என்பதைத் தகனசாலையிடம் கேளுங்கள். மாலைகளில் கம்பியும் நெகிழியும் இல்லாமல் நாரில் கட்டச் சொல்லுங்கள்.

ஊரிலிருப்பவர்கள் நேரலையில் பார்ப்பார்கள் என்பதால் நேரத்தைத் தெரிவதில் அவர்களையும் எண்ணுங்கள். லண்டனில் காலை 11 மணி என்றால் ரொறன்ரோவில் காலை 6. யாழ்ப்பாணத்தில் கோடையில் பிற்பகல் 3.30, குளிர்காலத்தில் 4.30, சிட்னியில் இரவு 8 அல்லது 10. பெரும்பாலான தகனசாலைகளில் இசைக்கும் படக்காட்சிக்கும் நேரலைக்கும் நிலையான ஏற்பாடு உண்டு. ஆனால் தேவாரப் பதிவு அவர்களுடைய சேமிப்பில் இராது, சில நாள் முன்னதாகவே கோப்பை அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். மண்டபத்து நேரலைக்கு ஒரு மருமகனின் கைபேசியும் ஒரு முக்காலியும் போதும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்காததால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 செப்டம்பர் முதல் ஒவ்வொரு இறுதிச்சடங்கு நிறுவனமும் ஒரே வடிவிலான விலைப்பட்டியலைக் கடையிலும் இணையத்திலும் காட்ட வேண்டும். மூன்று நிறுவனங்களின் பட்டியலையாவது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலை முதல் நேரம் மலிவு, சனிக்கிழமை கூடுதல். முன்பணத் திட்டம் எதிலாவது சேர்வதானால், அது நிதி நடத்தை ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். 2022 ஜூலை 29 முதல் அது கட்டாயம். யாரும் கூட இல்லாமல் உடலை எரித்துச் சாம்பலை மட்டும் தரும் நேரடித் தகனம் மிக மலிவாக விளம்பரப்படுத்தப்படுகிறது. உங்கள் தந்தையார் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது அவருக்கானது அல்ல.

நினைவுரைகளில் விடுபட்டதெல்லாம் முப்பத்தோராம் நாளில் இடம்பெறலாம். அந்தியேட்டிக்கும் மதிய போசனத்துக்கும் மண்டபம் எடுக்கத்தான் போகிறீர்கள். அங்கே நேரக்கட்டுப்பாடு இல்லை. தகனம் பிந்துவதால் எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு தகனத்துக்கு முன்பே வந்துவிடக்கூடும். நாள் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்பதைக் குருக்களோடு முன்னரே தீர்மானியுங்கள். முப்பத்தோராம் நாளன்று வெளியிடும், கல்வெட்டு என்று நாம் சொல்லும் நினைவு நூலை இப்போதே தொடங்கிவிடலாம். இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும், அதாவது வம்சாவளியையும் படங்களையும் படிப்பித்த பள்ளிகளின் விவரங்களையும், அவரிடமே கேட்டு எழுதுங்கள். பிழையில்லாத வம்சாவளி அச்சாவதற்கு வேறு வழி கிடையாது. பேரப்பிள்ளைகளுக்காக நான்கு பக்கம் ஆங்கிலத்திலும் இருக்கட்டும்.

சாம்பல் இரண்டிலிருந்து மூன்று கிலோ வரை இருக்கும். இங்கே எலும்புத் துண்டுகளை இயந்திரத்தில் அரைத்தே தருவார்கள். அஸ்தியாகப் பொறுக்கி எடுக்க வேண்டுமென்றால் அரைக்காமல் தரும்படி முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், இசைவது அந்த நிர்வாகத்தைப் பொறுத்தது. இங்குள்ள ஆற்றில் கரைப்பதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. லெஸ்டர் பக்கத்துச் சோர் ஆற்றில் இந்துக்கள் பலர் கரைக்கிறார்கள். குடிநீர் எடுக்கும் இடங்களையும் தூண்டில் போடுபவர்களையும் விட்டு விலகி நின்று, சாம்பலை மட்டும் விடுங்கள். மாலையும் நெகிழிப் பையும் ஆற்றுக்குள் போகக்கூடாது. யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கரைப்பதானால் கலசம் உலோகமாக இருக்க வேண்டாம், விமான நிலையத்து ஊடுகதிர்ச் சோதனையில் உள்ளே இருப்பது தெரியாது. மரணச் சான்றிதழையும் தகனச் சான்றிதழையும் கையோடு வைத்துக்கொண்டு, விமான நிறுவனத்திடமும் இலங்கைத் தூதரகத்திடமும் முன்பே விசாரியுங்கள். சாம்பலை என்ன செய்வது என்ற கேள்வி நான் முன்னே சொன்ன விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறது. கையெழுத்திடும் அன்று அவசரத்தில் “தகனசாலைத் தோட்டத்தில் தூவவும்” என்பதற்கு எதிரே அடையாளமிட்டுவிடாமல், குடும்பத்தார் பெற்றுக்கொள்வார்கள் என்பதைத் தெரிவு செய்து, எடுக்க வருபவரின் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.